கொல்லைக் குளத்துத் தண்ணீர்: ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு

வீட்டுக் கொல்லையில் குளம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்டங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். மீன் விட்ட இரண்டாவது, மூன்றாவது வாரம் ஒன்று. முதல் கோடை இன்னொன்று. இரண்டு சமயத்திலும் தண்ணீர் பார்வைக்குக் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். ‘தண்ணி நல்லாத்தானே இருக்கு, மீன் ஏன் செத்துச்சு?’ என்ற கேள்வி வருவதும் அப்போதுதான். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் போர் தண்ணீரை நம்பி ஓடும் சிமெண்டுக் குளங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரின் உப்பையும் வெயிலையும் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் குளத்தில் எத்தனை லிட்டர் நிற்கிறது என்று தெரிய வேண்டும். இது தெரியாமல் உப்பு, சோடா எதையும் அளந்து போட முடியாது. உள்பக்கம் டேப் பிடித்து நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, அதை 28.3 ஆல் பெருக்குங்கள். 8 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்றால் 100 கன அடி, அதாவது 2,830 லிட்டர். அல்லித் தொட்டிகளும் கல்லும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்து 2,700 என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 2,700 லிட்டருக்கே. ஆழம் இரண்டடிக்குக் கீழே இருந்தால் மீன் விடாமல் அல்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரு அடித் தண்ணீர் மே மாத மதியத்தில் வெந்நீர்தான்.

புதுச் சிமெண்டின் காரம்

புதிதாகப் பூசிய தொட்டியில் சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். பிஹெச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை) 11ஐத் தாண்டும். அதில் மீனை விட்டால் செவுள் வெந்துவிடும். பூச்சு முடிந்து 14 நாளாவது ஈரம் காயாமல் வைத்து, பிறகு நிரப்பி, வாழை மரத்தை அடியோடு வெட்டித் துண்டு துண்டாக்கி உள்ளே போட்டு ஒரு வாரம் ஊற விடுங்கள். வாழைத்துண்டு அழுகும்போது வரும் அமிலமும் கரியமில வாயுவும் சுண்ணாம்பைக் கட்டிப்போடும். நாற்றம் வரத்தான் செய்யும். வடித்துத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி நிரப்பி, இப்படி மூன்று முறை. கடைசியாக நிரப்பிய தண்ணீர் 48 மணி நேரம் நின்ற பிறகும் பிஹெச் 8.5க்குள் இருந்தால் தொட்டி தயார். ஊற்றியவுடன் அளந்து திருப்திப்பட்டுக்கொண்டால் அது உங்கள் தண்ணீரின் பிஹெச், தொட்டியின் பிஹெச் அல்ல. தார்ப்பாய் விரித்த குளத்துக்கு இந்தப் பாடு இல்லை. அதற்குப் பெருச்சாளிப் பாடு தனி.

போர் தண்ணீரை அளப்பதிலும் இதே ஏமாற்று உண்டு. நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது, கரியமில வாயு நிறைய இருக்கும். குழாயடியில் பிஹெச் 7 காட்டும் தண்ணீர், ஒரு நாள் காற்றுப் பட்டதும் 8ஐத் தாண்டி நிற்கும். அதனால் வேறு டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் ஓட விட்டு, 24 மணி நேரம் கழித்து அளங்கள். இரும்பு இருந்தால் அதுவும் அதற்குள் செம்மண் நிறத்தில் அடியில் தங்கிவிடும். மெட்ரோ தண்ணீரில் (சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர்) குளோரின். திறந்த டிரம்மில் வெயில் பட ஒன்றிரண்டு நாள் வைத்தால் போய்விடும். அவசரமானால் மீன் கடையில் ஹைப்போ என்று கொடுக்கும் சோடியம் தயோசல்பேட், 100 லிட்டருக்கு 1 கிராம் தாராளம்.

முதல் மாதம்

மீன் தின்ற தீனியில் இருக்கும் புரதம் கடைசியில் அமோனியாவாகச் செவுள் வழியே வெளியே வருகிறது. அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும், மீதி நாம் வடிக்கும் தண்ணீரோடு போகும். புதுக் குளத்தில் இந்தப் பாக்டீரியா கிடையாது. கல், பைப், ஃபில்டர் எல்லாவற்றின் மேலும் அது வழுவழுவென்று படிய நம் வெப்பத்தில் மூன்று நான்கு வாரம் ஆகும். குளிர்ந்த மாதமானால் ஆறு.

30 சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ள தீனி 20 கிராம் போட்டால் சுமார் 0.6 கிராம் அமோனியா நைட்ரஜன் வரும். 2,700 லிட்டரில் அது நாளொன்றுக்கு லிட்டருக்கு 0.22 மில்லிகிராம். பாக்டீரியா இல்லாத குளத்தில் ஐந்தே நாளில் 1 மில்லிகிராமைத் தாண்டிவிடும். மூன்றாவது வாரத்துச் சாவுக்குக் காரணம் இதுதான். அதனால் தொடக்கத்தில் கப்பி, மோலி போன்ற சின்ன மீன் ஐந்தாறு மட்டும் விட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை தீனி. தெரிந்தவர் வீட்டில் நோயில்லாமல் ஓடும் குளம் இருந்தால் அவர்கள் ஃபில்டர் பஞ்சில் ஒரு கையளவு, கழுவாமல் அழுக்கோடே வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். பாட்டிலில் விற்கும் எந்தப் பாக்டீரியாவையும்விட அந்த அழுக்கையே நம்பலாம். சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட்டில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை பூஜ்யம் காட்டிய பிறகே அடுத்த மீன்.

அமோனியாவின் விஷம் பிஹெச்சைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் கிட்டில் தெரியும் அமோனியாவில் 1 சதவீதம்கூட விஷ வடிவில் இருக்காது. பிஹெச் 8 என்றால் ஏழெட்டு சதவீதம். பிஹெச் 9 என்றால் ஏறக்குறைய பாதி. பாசி பிடித்த குளத்தில் காலை 7.5 இருக்கும் பிஹெச், வெயில் குடித்து மாலை நாலு மணிக்கு 9ஐத் தொடும். காலையில் சாதுவாக இருந்த அமோனியா மாலையில் கொல்லும். அளப்பதானால் இரண்டு வேளையும் அளங்கள். ஒரு வேளைதான் முடியும் என்றால் மாலையில்.

‘தண்ணீர் மாத்தினேன், அன்னிக்கே மீன் செத்துப்போச்சு’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் உட்கதை இதுதான். பல மாதம் மாற்றாத குளத்தில் பாக்டீரியா வேலை செய்யச் செய்ய தண்ணீரின் காரத்தன்மை (பிஹெச் இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் உப்புகள்) கரைந்து, பிஹெச் 6.5க்கு இறங்கி, அங்கே பாக்டீரியாவே மந்தமாகி, அமோனியா சேர்ந்து கிடக்கும். பிஹெச் தாழ்வாக இருப்பதால் மீன் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும். திடீரென்று பாதித் தண்ணீரை வடித்து 8.2 பிஹெச் உள்ள போர் தண்ணீரை விட்டால், அமோனியா பாதியாகக் குறைந்தாலும் அதன் விஷப் பங்கு பல மடங்கு எகிறிவிடும். இப்படிப்பட்ட குளத்தில் தீனியை நிறுத்திவிட்டு நாளுக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் என்று ஒரு வாரம் முழுக்க மாற்ற வேண்டும். புதுக் குளத்தில் அமோனியா ஏறினால் இந்தத் தயக்கம் வேண்டாம், புதுத் தண்ணீரின் பிஹெச் குளத்தோடு ஒத்திருக்கிற வரைக்கும் அன்றைக்கே 30 சதவீதம் மாற்றலாம். நைட்ரைட் ஏறினால் மீனின் செவுள் பழுப்பாகும், மேலே வந்து வாயைத் திறக்கும். லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு (நமக்கு 2.7 கிலோ), வாளியில் கரைத்து மூன்று தவணையாக விட்டால் உப்பின் குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் நுழையவிடாது. அல்லி இந்த அளவைத் தாங்கும். ஆனால் உப்பு ஆவியாகாது. ஒருமுறை போட்டதை மறந்துவிட்டு அடுத்த மாதம் மறுபடி போட்டீர்கள் என்றால் அல்லி இலை ஓரம் கருகத் தொடங்கும்.

கோடைக் கணக்கு

40 சதுர அடி நீர்ப்பரப்பில் நல்ல கோடையில் நாளுக்கு 7 மில்லிமீட்டர் போல ஆவியாகும். அது 26 லிட்டர். மாதத்துக்கு 780. குறைகிறதே என்று அதைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருப்போம். குளமும் விளிம்புவரை ததும்பிக்கொண்டிருக்கும். ஆவியாகிப் போனது வெறும் தண்ணீர், ஊற்றியதோ உப்புத் தண்ணீர். உங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் (லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள், மில்லிகிராம் கணக்கில்) 900 என்றால் மாதம் 700 கிராம் உப்பு உள்ளே இறங்குகிறது, மாதத்துக்கு 260 புள்ளி ஏறுகிறது. மார்ச்சில் 900இல் தொடங்கிய குளம் ஜூன் கடைசியில் 1,900ஐத் தாண்டி நிற்கும். தொட்டியின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே விரலால் சுரண்டினால் மாவுபோல் உதிரும் வெள்ளைக் கோடு, இந்தக் கணக்கின் ரசீது.

அதே கோடையில் வாரம் 15 சதவீதம், அதாவது 400 லிட்டர், வடித்துவிட்டு நிரப்பிப் பாருங்கள். டிடிஎஸ் 1,300 பக்கம் வந்ததும் அதற்கு மேல் ஏறாது. உப்பு மட்டுமல்ல, நைட்ரேட், பாஸ்பேட், தீனிக் கழிவு எல்லாம் வெளியே போக இருக்கும் ஒரே வழி அந்த 400 லிட்டர்தான். வடிப்பது அடியிலிருந்து இருக்க வேண்டும். முக்கால் அங்குல ஹோஸை அடியில் கசடு சேரும் மூலையில் வைத்து உறிஞ்சிவிட்டால், முதல் இரண்டு நிமிடம் கஷாயம்போல் வரும். அதை வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள். டிடிஎஸ் மீட்டரை இந்த ஏற்ற இறக்கம் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். அமோனியா இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

டிரம் ஃபில்டர்

200 லிட்டர் நீல டிரம் போதும். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள், மணம் போகாத ரசாயன டிரம் எத்தனை கழுவினாலும் வேண்டாம். தண்ணீர் டிரம்மின் அடிப்பக்கம் நுழைந்து, எல்போ என்ற வளைவுக் குழாயைப் பக்கவாட்டில் திருப்பி வைத்ததால் சுழன்று, கசடை நடு அடியில் போட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். மேலே ஏறும் வழியில் முதலில் நைலான் வலைச்சுருள், பிறகு பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், அதற்கு மேல் ஒரு அங்குலத் துண்டாக அறுத்த எலக்ட்ரிக்கல் பைப். பாக்டீரியாவுக்கு ஒட்ட இடம் வேண்டும், அது விலை உயர்ந்த ‘பயோ பால்’ பிளாஸ்டிக் உருண்டையா, அறுத்த பைப்பா என்று அது பார்ப்பதில்லை. அடியில் கசடை வடிக்க, கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் ஒன்றரை அங்குல பால் வால்வு கட்டாயம். இது இல்லாத டிரம்மைக் கழுவ ஆள் சேர்க்க வேண்டியிருக்கும்.

குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒருமுறை டிரம்மைக் கடக்க வேண்டும். மணிக்கு 1,800 லிட்டராவது வேண்டும். பம்ப் பெட்டியில் 3,000 என்று அச்சடித்திருப்பது உயரமே ஏற்றாதபோது வரும் அளவு. நாலைந்து அடி ஏற்றினால் பாதிதான் வரும், எந்த உயரத்துக்கு எவ்வளவு வரும் என்று பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்து வாங்குங்கள். 40 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் நாளுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. டிரம்மிலிருந்து தண்ணீர் தானாக வழிந்து குளத்துக்குத் திரும்பும் பைப், உள்ளே வரும் பைப்பைவிடப் பெரிதாக, 2 அங்குலமாவது இருக்கட்டும். அந்த வாயை ஒரு மாவிலை அடைத்தால் போதும், டிரம் விளிம்பு வழிந்து பம்ப் இரவோடு இரவாகக் குளத்தையே தோட்டத்தில் கொட்டிவிடும். இதற்காகவே பம்ப்பைக் குளத்தின் அடித்தரையில் வைக்காமல் செங்கல் அடுக்கி ஒரு அடி உயரத்தில் வையுங்கள். எது நடந்தாலும் ஒரு அடித் தண்ணீர் மீனுக்கு மிஞ்சும். அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் பம்ப்பைத் தண்ணீரில் இறக்காதீர்கள். இருந்தாலும் கை விடும்முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

நாரையும் வலையையும் கழுவ, குளத்திலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீர். குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று அலசினால் ஒரு மாதப் பாக்டீரியா சாக்கடைக்குப் போய்விடும். ஒரு முறைக்குப் பாதி மட்டும் அலசுங்கள். நாலைந்து மணி நேரம் கரண்ட் இல்லாமல் போனால் டிரம்முக்குள் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் கெட்டிருக்கும். பம்ப்பைப் போடும்முன் அடி வால்வைத் திறந்து அந்த 200 லிட்டரை வெளியே விட்டுவிடுங்கள்.

பச்சைத் தண்ணீர்

பச்சையாகிவிட்டது என்று குளத்தை முழுக்க வடித்துத் தேய்த்துக் கழுவி நிரப்புவது இருக்கிற தவறுகளிலேயே பெரியது. பாக்டீரியா போய்விடும், வெயிலும் சத்தும் அப்படியே இருக்கும், பத்தே நாளில் முன்னைவிடப் பச்சை. நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் நிழல் விழ வேண்டும். அல்லி இலை அதைச் செய்யும், ஆனால் அல்லிக்கு ஐந்தாறு மணி வெயில் தேவை. அல்லித் தொட்டியில் களிமண் மட்டும் போட்டு மேலே இரண்டு அங்குலம் ஆற்று மணல் மூடுங்கள். மண்புழு உரமும் சாண உரமும் மாடித் தோட்டத்துக்கு நல்லவை. குளத்துக்குள் அவை பாசிக்குப் பந்தி வைத்த மாதிரி. சத்தை உறிஞ்ச ஓரத்தில் கல்வாழை, சேம்பு, வசம்பு வையுங்கள். வெட்டிவேரைத் தெர்மாகோல் மிதவையில் செருகி விட்டால் வேர் ஒன்றரை அடி தொங்கி நன்றாக உறிஞ்சும். வெங்காயத்தாமரையும் உறிஞ்சும்தான். ஆனால் வாரா வாரம் பாதியை அள்ளி உரக்குழியில் போடும் பொறுமை இருந்தால் மட்டும் வையுங்கள். மிஞ்சியதை ஏரியில் போடக் கூடாது. அலுத்துப்போன சக்கர் மீனுக்கும் இதே விதி.

யூவி (புற ஊதா) விளக்கு 11 முதல் 18 வாட் போதும், ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை இறங்கும். நம் கடினத் தண்ணீரில் அதன் கண்ணாடி உறைமேல் இரண்டு மாதத்துக்குள் வெள்ளைப் பொருக்குப் படியும். விளக்கு எரியும், வெளிச்சம் தண்ணீரைத் தொடாது. எலுமிச்சைச் சாறு தடவி அரை மணி நேரம் கழித்துத் துடையுங்கள்.

தேற்றாங்கொட்டையை உரசி விட்டால் தெளியுமா என்று கேட்பவர்கள் உண்டு. சேற்றுக் கலங்கலுக்கு அது நல்ல மருந்து, அதன் பெயரே அதைத்தான் சொல்கிறது. பாசிப் பச்சைக்கு அதை நம்ப வேண்டாம். படிகாரம் தெளிய வைக்கும், கூடவே காரத்தன்மையைத் தின்று பிஹெச்சை இறக்கும். மயில்துத்தத்தைத் தொடவே வேண்டாம். நத்தை முதலில் சாகும், பிறகு பாசி ஒரேயடியாகச் செத்து அழுகும், அழுகல் ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் மீன் சாகும்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் குளத்தடியில் போய் நில்லுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால் ஆக்சிஜன் இல்லை. 30 டிகிரித் தண்ணீர் முழுக்கப் பிடித்து வைக்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம். பகலில் அதைக் கொடுத்த பாசியும் செடியும் இரவில் மீனோடு சேர்ந்து அதையே உண்ணும். விருந்தாளி வரும் மாலையில் ஃபவுண்டனைப் போட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது அணைப்பது வழக்கமாக இருக்கிறது. செய்ய வேண்டியது நேர்மாறு. வேறு எதை நிறுத்தினாலும் இரவில் ஏர் பம்ப் நிற்கக் கூடாது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதுவும் இல்லாத இரவில் குடத்தில் மொண்டு இடுப்புயரத்திலிருந்து ஊற்றுவதும் வேலை செய்யும், கைதான் வலிக்கும்.

தீனி இரண்டு மூன்று நிமிடத்தில் தீர வேண்டும், நாளுக்கு ஒருமுறை. கரண்ட் இல்லாத நாளிலும் மூடிய வானத்திலும் வேண்டாம். கோமெட் கோல்ட்ஃபிஷ் பத்துப் பன்னிரண்டு இந்தக் குளத்துக்குச் சரி. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இரண்டு அங்குலக் குஞ்சாக அழகு காட்டும் கொய் இரண்டடி வளரும் மீன், அதற்கு இந்தக் குளம் பற்றாது. மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கும்போது மேலே வலை கட்டுங்கள். அந்த வலை மீன்கொத்திக்கும் ஆகும்.

கொசு, மீன் இருக்கும் குளத்தில் வளராது. அல்லித் தொட்டியைத் தூக்கி வெளியே வைத்த தட்டிலும், ஃபில்டர் மூடியின் குழியிலும் வளரும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும் என்பதால் வாரம் ஒருநாள் அவற்றைக் கவிழ்த்துவிடுங்கள். தெருவில் கொசுப் புகை வண்டி வரும் சத்தம் கேட்டால் தார்ப்பாயால் குளத்தை மூடி, ஏர் பம்ப்பை அணையுங்கள். அந்த மருந்துகளில் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகையும் உண்டு, அது மீனுக்குக் கொடிய விஷம். ஏர் பம்ப் புகையை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் ஊதிவிடும். புகை கலைந்து அரை மணி நேரம் கழித்துப் போட்டால் போதும்.

ஐப்பசி மழை

2003இல் கட்டாயமாக்கியதிலிருந்து வீடுகளில் மழைநீர்ச் சேமிப்புக் குழாய் இருக்கிறது. முதல் மழையில் மாடி கழுவி வரும் அழுக்கை வெளியே விட்டுவிட்டு, அடுத்தடுத்த மழைகளில் அந்தக் குழாயிலிருந்து ஒரு கிளையைக் குளத்துக்குத் திருப்பினால் கோடையில் ஏறிய டிடிஎஸ் இறங்கும். குளத்தின் விளிம்பு தரையைவிட ஆறு அங்குலம் உயர்ந்திருக்கட்டும், தோட்டத்து உரமும் சேறும் உள்ளே வரக் கூடாது. வழிந்தோடும் பைப்பின் வாயில் வலை கட்டாவிட்டால் மீன் தெருவில் கிடக்கும்.

மழைநீரில் காரத்தன்மை கிடையாது. நாலைந்து நாள் அடைமழைக்குப் பிறகு கிட்டில் காரத்தன்மை லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் சமையல் சோடா போடுங்கள். 100 லிட்டருக்கு 5 கிராம் போட்டால் 30 மில்லிகிராம் ஏறும். நம் குளத்துக்கு 135 கிராம். வாளியில் கரைத்து, பாதியை இன்று, பாதியை நாளை, டிரம்மிலிருந்து தண்ணீர் குளத்தில் விழும் இடத்தில் ஊற்றுங்கள்.